ஏஎஸ் முதுகுவலிக்கு சோறு, இட்லி எல்லாத்தையும் நிறுத்தச் சொல்றாங்க... யாராச்சும் பண்ணிப் பாத்தீங்களா?

பனியன்_ஊர்க்காரன்:
எல்லாருக்கும் வணக்கம்ங்க. வயசு 29, திருப்பூரு, எக்ஸ்போர்ட் கம்பெனில மெர்ச்சன்டைசர். நாலஞ்சு வருசமா இடுப்புக்குக் கீழ வலி, ஒரு வாரம் இடது பக்கம் இருக்கும் அடுத்த வாரம் வலது பக்கம் போயிரும். காலைல எந்திரிச்சா ஒரு மணி நேரத்துக்கு குனிஞ்சு சாக்ஸ் மாட்ட முடியாது, ஆனா கம்பெனிக்குப் போயி கட்டிங், செக்கிங்னு நாலு ரவுண்டு நடந்துட்டா பாதி கொறஞ்சுரும், திரும்ப சிஸ்டம் முன்னாடி உக்காந்தா வந்துரும். விடியக்காலம் மூணு மணிக்கு வலிலயே முழிப்பு வந்துருது. டிஸ்க்குன்னு சொல்லி பெல்ட்டு, ட்ராக்ஷன், பெட் ரெஸ்ட்டுன்னு எல்லாம் ஆச்சுங்க, ரெஸ்ட் எடுத்தா தான் இன்னும் மோசமாகுது. கடைசில ஒரு ரூமட்டாலஜி டாக்டரு, மூட்டுவாதத்துக்கு பாக்கறவரு, எம்ஆர்ஐ பாத்துட்டு ஆங்கிலோசிங் ஸ்பாண்டிலைட்டிஸ், சுருக்கமா ஏஎஸ், முதுகெலும்பு மூட்டுல வர்ற அழற்சி நோய்னு சொன்னாரு. இந்த நோயோட சம்பந்தப்பட்ட ஹெச்எல்ஏ பி27 ஜீன் பாசிட்டிவ், ரத்தத்துல அழற்சிய காட்டுற சிஆர்பி 38. எட்டோரிகாக்சிப்னு வலி மாத்திர, கூட வயித்துக்கு ஒன்னு, அப்பறம் தினமும் எக்சர்சைஸ் பண்ணச் சொன்னாரு.

இப்ப என் டவுட் என்னன்னா, எங்க சித்தப்பா ஒரு வீடியோ அனுப்பிச்சாரு. அதுல மாவுச்சத்து தான் இந்த நோய்க்கு தீனி, அரிசி, கோதும, உருளைக்கெழங்கு, பருப்பு எல்லாத்தையும் நிறுத்துனா மாத்திரயே வேண்டியதில்லைன்னு சொல்றாங்க. எங்கூட்ல மூணு வேளையும் அரிசி தானுங்க. எங்கம்மாகிட்ட சொன்னதுக்கு சோறு திங்காம எப்புடிடா ஒரு மனுசன் இருப்பான்னு ஒரு நாள் பூரா பேசல. இது நெசமா? பண்ணிப் பாத்தவங்க யாராச்சும் சொல்லுங்க.

மெரினா_காத்து:
ப்ரோ நான் பண்ணேன். எனக்கும் ஏஎஸ் தான், 22 வயசுல ஆரம்பிச்சுது. அந்த வீடியோக்காரங்க எங்கேர்ந்து எடுத்தாங்கன்னு சொல்றேன் கேளு. லண்டன்ல அலன் எப்ரிங்கர்னு ஒரு ப்ரொஃபசர், 1970கள்லேர்ந்து இதையே ஆராய்ச்சி பண்ணவரு. அவர் என்ன சொன்னாருன்னா நம்ம குடல்ல க்ளெப்சியெல்லான்னு ஒரு பாக்டீரியா இருக்கு, அதோட சில புரோட்டீனு நம்ம பி27 மாதிரியே இருக்கும், அதனால உடம்பு அந்த பாக்டீரியாவ அடிக்கப் போயி நம்ம மூட்டயும் சேத்து அடிக்குது, மாவுச்சத்து கொறச்சா அந்த பாக்டீரியாவுக்கு சாப்பாடு கம்மி ஆகும், சண்டையும் கம்மி ஆகும். 1996ல லோ ஸ்டார்ச் டயட்னு பேப்பரும் போட்டாரு. சும்மா வாட்சப் கதை இல்ல.

எப்புடி பண்றதுன்னா, மெடிக்கல்ல டிங்சர் அயோடின் வாங்கிக்கோ, சாப்பாட்டுல ஒரு சொட்டு விட்டா மாவு இருந்தா கருநீலமா மாறிடும், எட்டாங்கிளாஸ் சயின்ஸ் லேப்ல பண்ணோமே அதே தான். இட்லில விட்டேன், மை கொட்டுன மாதிரி ஆயிடுச்சு. வாழைப்பழம் காய்வெட்டா இருந்தா கறுக்கும், தோல்ல புள்ளி விழுற அளவுக்கு பழுத்துட்டா அவ்ளோவா மாறாது. எங்க மாட்டுனேன்னா சாம்பார்ல போடுற பெருங்காயத்துல. கடைல விக்கிறது கூட்டுப் பெருங்காயம், அதுல மைதா இல்லனா அரிசி மாவு கலந்து தான் வரும், டப்பால பின்னாடி படிச்சுப் பாரு. அயோடின் விட்ட சாப்பாட்ட தூக்கி எறிஞ்சிடு, சாப்டுடாத.

சிறுதானியம் நல்லதுன்னு கம்பு, கேழ்வரகு, தினைன்னு மாறாத, இந்த டயட்ட பொறுத்தவரைக்கும் அதுவும் மாவு தான். நான் சாப்ட்டது முட்டை, மீனு, கோழி, கீரை, வெண்டக்கா, பீர்க்கங்கா, புடலங்கா, மோர், தேங்கா. ரெண்டு மூணு மாசத்துல காலைல இருக்கிற அந்த பிடிப்பு பாதியா கொறஞ்சுது, மாத்திரையும் தினமும் போட்டது வாரத்துல ரெண்டு நாள்னு ஆச்சு, டாக்டர கேட்டுட்டு தான் கொறச்சேன். ஆனா கல்யாண பந்தில போயி உக்காந்தா பாவம்யா நம்ம நிலம, இலைல பொரியலும் அப்பளமும் தான், அப்பறம் பாத்தா அப்பளமும் உளுத்த மாவு.

தஞ்சாவூர்க்காரி:
மெரினா தம்பி, நீங்க எழுதுனதுல ஒரு விஷயம் விட்டுப்போச்சு. போன வருஷம் வேற இழைல, தினமும் நீச்சல் ஆரம்பிச்சேன், வெயிட்டும் நல்லா இறங்கிடுச்சுன்னு நீங்களே எழுதியிருந்தீங்க, நான் படிச்சேன். அதுவும் இதே சமயம் தான. அப்ப வலி கொறஞ்சது அரிசியாலயா நீச்சலாலயா உடம்பு இளைச்சதாலயான்னு எப்புடி பிரிச்சு சொல்றது? அந்த ப்ரொஃபசர் தியரி சுவாரசியமா தான் இருக்கு, ஆனா ஒரு குரூப்புக்கு இந்த டயட்டு ஒரு குரூப்புக்கு சாதா சாப்பாடுன்னு பிரிச்சு பெருசா பண்ண ட்ரையல் கிடையாது. அதனால தான் எந்த ரூமட்டாலஜி கைட்லைன்லயும் இது ட்ரீட்மென்ட்டா வரல. எக்சர்சைஸ் மட்டும் எல்லா கைட்லைன்லயும் மொத வரிலயே இருக்கு.

எனக்கு இது வந்தது ரெண்டாவது பிரசவத்துக்கு அப்பறம். சிசேரியன்ல முதுகுல ஊசி போட்டாங்கல்ல, அதனால தான் வலின்னு மாமியார்லேர்ந்து பக்கத்து வீட்டு அக்கா வரைக்கும் எல்லாரும் ஒரே மாதிரி சொன்னாங்க, நம்ம ஊர்ல எந்தப் பொம்பளைக்கு முதுகு வலிச்சாலும் அந்த ஊசி மேல தான் பழி. ஊசி போட்ட இடத்துல கொஞ்ச நாள் நோவு இருக்கும், வருஷக் கணக்குல விடியக்காலம் எழுப்புற வலியெல்லாம் அதனால வராது. அப்பறம் ஒரு கண்ணு மட்டும் செவந்து, வெளிச்சத்தப் பாக்க முடியாம வலிச்சுது. வீட்ல மெட்ராஸ் ஐன்னு வேப்பிலை கட்டிட்டாங்க. கண் டாக்டர் தான் யுவியைட்டிஸ், கண்ணுக்குள்ள வர்ற அழற்சின்னு கண்டுபுடிச்சு, முதுகு வலி இருக்கா, காலைல இறுக்கமா இருக்கான்னு கேட்டாரு. அப்படித்தான் என் நோய் கண்ணு வழியா வெளில வந்துச்சு. பனியன் தம்பி, இத ஞாபகம் வச்சுக்கோங்க, ஒரு கண்ணு செவந்து வலிச்சு வெளிச்சம் கூசுனா அன்னிக்கே கண் டாக்டர பாக்கணும், சொட்டு மருந்து நீங்களா வாங்கி விடக்கூடாது.

இன்னொன்னு, தம் அடிப்பீங்களா?

பனியன்_ஊர்க்காரன்:
டீ டயத்துல ரெண்டு மூணுங்க்கா. ஷிப்மென்ட் நெருங்குனா கொஞ்சம் சேத்தி.

தஞ்சாவூர்க்காரி:
அப்ப சோத்த அப்பறம் பாக்கலாம், மொதல்ல அத விடுங்க. சிகரெட் பிடிக்கிறவங்களுக்கு முதுகெலும்பு ஒன்னோட ஒன்னு ஒட்டிப்போறது வேகமா நடக்குதுன்னு நெறய ஆராய்ச்சி இருக்கு. மாத்திர கேக்கலைன்னா இந்த நோய்க்குப் போடுற ஊசி மருந்தும் அவங்களுக்கு சரியா கேக்கறதில்ல. அரிசிய பத்தி வீடியோ போடுறவங்க யாரும் இத சொல்லமாட்டாங்க.

தாமிரபரணி_தாத்தா:
தம்பி, அந்தக் காலத்துல எங்கூர்ல எல்லாவனும் மூணு வேள சோறு தான் தின்னான், எவன் முதுகும் வளையல. ஆனா வயல்ல குனிஞ்சு நிமிந்து வேல செஞ்சான், ஒங்கள மாதிரி நாற்காலில ஒட்டிக்கிட்டு கெடக்கல. வாரத்துக்கு ரெண்டு நாளு முடக்கத்தான் கீரைய அரிசியோட சேத்து ஆட்டி தோச ஊத்துங்க, பிரண்டைய நாரெடுத்து நல்லெண்ணெய்ல நல்லா வதக்கி புளி சேத்து தொவையல் அரைங்க, வதக்காம அரைச்சா நாக்கும் தொண்டையும் அரிச்சுப்போடும் பாத்துக்கிடுங்க. சனிக்கெழம எண்ணெ தேச்சு வெந்நீர்ல குளி. சாளை மீனு கெடச்சா கொழம்பு வையி, வறுத்துத் திங்காத. பழைய சோத்த பத்தி இப்ப டாக்டருமாரே பேசுதாங்க, மெட்ராசுல ஸ்டான்லி ஆஸ்பத்திரில கொடலு நோய்க்கு பழைய சோத்த வச்சு ஆராய்ச்சி பண்ணுதாங்கன்னு பேப்பர்ல போட்ருந்தான். நீங்க என்னன்னா சோத்தயே வேண்டாங்கியோ.

மெரினா_காத்து:
தாத்தா, உங்க காலத்துல இருந்தவங்கள யாரு எம்ஆர்ஐ எடுத்துப் பாத்தாங்க? கூன் விழுந்த பெருசுங்க ஊருக்கு ரெண்டு பேர் இருந்தாங்கல்ல, வயசாயிடுச்சுன்னு விட்ருப்பாங்க.

தஞ்சா அக்கா, நீச்சல் விஷயம் நெஜம் தான், ஆனா மழைக்காலத்துல நீச்சல் குளம் மூடியிருந்தப்பயும் சோறு சாப்ட ரெண்டாம் நாள் பிடிப்பு வந்துச்சு, அத நான் கவனிச்சிருக்கேன். என் உடம்பு எனக்குத் தெரியும்க்கா. இப்ப மதியம் ஒரு வேளை மட்டும் சோறு சாப்புடுறேன், ராத்திரி சுத்தமா மாவு கிடையாது. நான் யாரையும் மாத்திரய நிறுத்தச் சொல்லல, அந்த வீடியோ அப்படி சொல்லுதுன்னா அது தப்பு.

நெறியாளர்:
இந்த இடத்துல இருந்த ரெண்டு பதிவ எடுத்தாச்சு. மூலிகைப் பொடி விக்கிறவங்க போன் நம்பர் போட்டு விளம்பரம் பண்ணக்கூடாது. மறுபடி பண்ணா கணக்கு முடக்கப்படும்.

பனியன்_ஊர்க்காரன்:
அந்தப் பொடிக்காரரு எனக்கு தனியாவும் மெசேஜ் பண்ணிருக்காருங்க. மூணே நாள்ல வலி போயிரும், போகலைன்னா காசு வாபஸ்ங்கறாரு. எங்க கம்பெனில ஒரு அண்ணன் இதே மாதிரி ஒரு பொடி திங்கறாரு, நெசமாலுமே வலி இல்லைங்கறாரு.

மதுரை_பிசியோ:
மூணு நாள்ல போகும் தம்பி, அதுல தான் பிரச்சனையே. இந்த மாதிரி பேரில்லாத பொடி, உருண்டை பலதுல ஸ்டீராய்டும் வலி மாத்திரையும் பொடி பண்ணி கலந்திருப்பாய்ங்க. என்கிட்ட வர்ற நோயாளிகள்ல மூஞ்சி மட்டும் உப்பி, சுகர் ஏறி, கைகால் சதை கரைஞ்சு வந்தவங்க உண்டு, கேட்டா நாட்டு மருந்து தாண்ணே சாப்புடுறேன்னு சொல்வாங்க. முறையா படிச்ச சித்த மருத்துவர் சீட்டு எழுதி, என்ன மருந்துன்னு பேரோட குடுப்பாரு, இவிய்ங்க வெள்ள டப்பால போட்டுத் தருவாய்ங்க. ரொம்ப நாளா சாப்புடுறவங்க திடீர்னும் நிறுத்தக்கூடாது, ஸ்டீராய்டு இருந்தா பட்டுன்னு நிறுத்துறது உயிருக்கே ஆபத்தாகும். உங்க கம்பெனி அண்ணன அந்த டப்பாவோட ஒரு எம்டி டாக்டர பாக்கச் சொல்லுங்க.

நான் பிசியோதெரபிஸ்ட், என் தம்பிக்கே ஏஎஸ் இருக்கு. டயட் சண்டைய நீங்க போட்டுக்கங்க, நான் என் வேலைய மட்டும் சொல்றேன்.

தினமும் காலைல சுவத்துல முதுக ஒட்டி நில்லுங்க, குதிகால், பின்பக்கம், தோள்பட்டை, பின்னந்தலை நாலும் சுவத்த தொடணும், நாடிய மேல தூக்காம. தலை தொடலன்னா எத்தன விரல்கடை இடைவெளின்னு குறிச்சு வைங்க. அந்த இடைவெளி மாசாமாசம் கூடிக்கிட்டே போச்சுன்னா வலி இருக்கோ இல்லயோ டாக்டர்கிட்ட சொல்லணும். நெறய பேரு வலி இல்லன்னதும் எக்சர்சைஸ விட்டுருவாங்க, இந்த நோய்ல வலி இல்லாத நாள்ல தான் எக்சர்சைஸ் ஈசியா வரும், அப்பத்தான் அதிகமா பண்ணணும். ராத்திரி படுக்கப் போறதுக்கு முன்ன ஒரு கால் மணி நேரம் குப்புறப் படுத்துக் கெடங்க, தலகாணி இல்லாம, தலைய ஒரு தடவ இந்தப் பக்கம் ஒரு தடவ அந்தப் பக்கம் திருப்பி வச்சு. இடுப்பு முன்பக்கமா மடங்கி அப்படியே இறுகிப் போகாம இருக்கறதுக்கு இத விட சுலபமா ஒன்னும் கிடையாது, செலவும் இல்ல. அப்பறம் மூச்சு. நெஞ்ச சுத்தி ஒரு டெய்லர் டேப் வச்சு முழுசா மூச்ச விட்டுட்டு ஒரு அளவு, முழுசா இழுத்துட்டு ஒரு அளவு எடுங்க. வெலா எலும்பு முதுகெலும்போட சேர்ற மூட்டுலயும் இந்த நோய் வரும், அதனால அந்த வித்தியாசம் கொறஞ்சுக்கிட்டே வரும். டேப் உங்க கம்பெனில இல்லாமயா இருக்கும்.

மெர்ச்சன்டைசர் வேலைல அரை மணிக்கு ஒரு தடவ எந்திரிக்கணும், போன் வந்தா நின்னுக்கிட்டே பேசுங்க. டூவீலர்ல பல்லடம் ரோட்ல குலுங்கிக்கிட்டே தினமும் போறது நல்லதில்ல, முடிஞ்சா பஸ்.

இன்னும் ஒன்னே ஒன்னு, இத கையெடுத்துக் கும்புட்டு சொல்றேன். சலூன்ல முடி வெட்டி முடிச்சதும் தலைய புடிச்சு ஒரு திருப்பு திருப்பி நெட்டி எடுப்பாங்கல்ல, ஏஎஸ் இருக்கவங்க அத செய்யவே விடக்கூடாது. ஒட்டிப்போன கழுத்தெலும்பு காஞ்ச குச்சி மாதிரி, சட்டுன்னு உடையும், உடைஞ்சா தண்டுவடம் போச்சு. எண்ணெ போட்டு முதுகு மிதிக்கறது, வர்மம்னு சொல்லி கழுத்த உருட்டுறது எதுவுமே வேணாம்.

நல்லூர்_கந்தன்_வீதி:
வணக்கம் அண்ணாமார், நான் யாழ்ப்பாணம், இப்ப இருக்கிறது டொரோண்டோவில. எனக்கும் இந்த வருத்தம் தான், நாரி நோவில, அதான் இடுப்பு நோவில தான் தொடங்கினது. இங்க ஸ்னோ கொட்டுற காலத்தில விடிய எழும்பிறதுக்கே ஒரு யுத்தம். நான் எழும்பி முதல் வேலையா நல்ல சுடுதண்ணில குளிக்கிறனான், அதுக்குள்ளயே நிண்டுகொண்டு குனிஞ்சு நிமிர்ந்து கழுத்த மெதுவா திருப்புறது, பிறகு தான் தேத்தண்ணி. அதில்லாம வேலைக்கு வெளிக்கிடேலாது.

சாப்பாட்டில நானும் மாவக் குறைச்சுப் பாத்தனான். எங்கட சாப்பாட்டில புட்டு, இடியப்பம், பாண், ரொட்டி, சோறு எண்டு எல்லாமே மா தானே, மனிசி சிரிச்சா, உங்களுக்கு இனி சொதி மட்டும் தான் எண்டு. எனக்கு பெரிசா ஒரு வித்தியாசமும் தெரியேல்ல, மெலிஞ்சது மட்டும் தான் மிச்சம். ஆனா மெரினா தம்பிக்கு வேலை செய்தது பொய் எண்டு நான் சொல்லமாட்டன், ஆளுக்காள் வித்தியாசம். எனக்கு விட்டமின் டி மோசமா குறைவா இருந்தது, அத மருந்தா எடுத்தாப் பிறகு உடம்பு அலுப்பு கொஞ்சம் குறைஞ்சது. இப்ப ரெண்டு வாரத்துக்கு ஒருக்கா அடலிமுமாப் எண்டு அழற்சியக் குறைக்கிற ஊசி போடுறன், அதால தான் நான் திரும்ப என்ர பிள்ளையத் தூக்கினது.

பனியன்_ஊர்க்காரன்:
அந்த ஊசி என்ன வெலைங்க? டாக்டரு மாத்திர கேக்கலைன்னா அடுத்தது அதான்னு சொன்னாரு. எனக்கு பயமா இருக்குது, எதிர்ப்பு சக்திய கொறைக்குமாமே.

தஞ்சாவூர்க்காரி:
நான் அதே ஊசி தான் போடுறேன். ஆரம்பத்துல வெளிநாட்டு மருந்து மட்டும் தான் இருந்துச்சு, கேட்டாலே மயக்கம் வரும். 2014லேர்ந்து இந்தியக் கம்பெனிங்களே அதுக்கு பயோசிமிலர், அதாவது கிட்டத்தட்ட அதே மாதிரி மருந்து, பண்ண ஆரம்பிச்சதால விலை நல்லா எறங்கிடுச்சு, இருந்தாலும் மாசச் சம்பளக்காரங்களுக்கு பாரம் தான். வெளில வாங்கறதுக்கு முன்னாடி பெரிய ஆஸ்பத்திரி ரூமட்டாலஜி ஓபில ஒரு தடவ காட்டிடுங்க. சென்னை ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனைல ரூமட்டாலஜிக்குன்னே தனி டிபார்ட்மென்ட் இருக்கு, புதுச்சேரி ஜிப்மர்ல கிளினிக்கல் இம்யூனாலஜின்னு இருக்கு, வேலூர் சிஎம்சிலயும் இருக்கு. ஆர்த்தோ ஓபில போயி நின்னுடாதீங்க.

எதிர்ப்பு சக்தி விஷயம் உண்மை தான். ஊசி ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி டிபி இருக்கான்னு கட்டாயம் பாப்பாங்க, நெஞ்சு எக்ஸ்ரே, மாண்டூன்னு கைல ஊசி போட்டுப் பாக்கற டெஸ்ட் இல்லனா ரத்த டெஸ்ட். நம்ம ஊர்ல உடம்புக்குள்ள தூங்கற டிபி நெறய பேருக்கு உண்டு, இந்த ஊசி போட்டா அது முழிச்சுக்கும், அதனால தூங்கற டிபி இருந்தா அதுக்கு மாத்திரய குடுத்துட்டு அப்பறம் தான் ஊசி. எனக்கு அப்படித்தான் குடுத்தாங்க. வீட்ல யாருக்காவது டிபி வந்திருந்தா மறைக்காம சொல்லுங்க.

மாத்திரைக்கும் கணக்கு இருக்கு தம்பி. எட்டோரிகாக்சிப் பிபிய ஏத்தும், கிட்னியையும் பாக்கணும், அதனால அப்பப்ப பிபி, கிரியேட்டினின் செக் பண்ணிக்குங்க. டாக்டர் சொன்னா விடாம போடுங்க, அதுக்கு மேல மெடிக்கல்ல வேற வலி மாத்திரய நீங்களா சேத்துப் போடாதீங்க.

தாமிரபரணி_தாத்தா:
மஞ்சளப் பத்தி யாரும் சொல்லலியே. பால்ல மஞ்சத்தூளும் மொளகும் போட்டு ராத்திரி குடிக்கச் சொல்லுங்க.

மதுரை_பிசியோ:
குடிக்கட்டும் தாத்தா, கெடுதல் இல்ல. ஆனா மஞ்சள்ல குர்குமின்ங்கற அந்த மருந்துச் சத்து நூத்துக்கு மூணு பங்கு தான் இருக்கும், அதுவும் குடல்ல சரியா ஏறாது, மொளகு சேத்தா கொஞ்சம் கூடுதலா ஏறும், அந்த வகைல நம்ம ஆளுக சரியாத்தான் சேத்துருக்காங்க. மூட்டு வலிக்கு ஆராய்ச்சில குடுத்ததெல்லாம் பிரிச்செடுத்த குர்குமின், ஒரு நாளைக்கு 500 மில்லிகிராம், 1000 மில்லிகிராம்னு, அதுவும் வயசானவங்க முழங்கால் தேய்மானத்துக்கு. அரை ஸ்பூன் மஞ்சத்தூள்ல அது வராது. அதுக்காக ஆன்லைன்ல குர்குமின் மாத்திரய வாங்கி டாக்டர கேக்காம போடவும் வேணாம், கல்லீரல் கெட்டுப்போன கேஸ் எல்லாம் வந்திருக்கு.

மீனு விஷயத்துல தாத்தா சொன்னது சரி. சாளை, அயிலைன்னும் சொல்ற கானாங்கெளுத்தி இதுல ஒமேகா 3 நல்லா இருக்கு, வஞ்சிரத்துக்கு செலவு பண்ணத் தேவையில்ல. ஆனா ஒமேகா 3க்கு ஆதாரம் இருக்கறது ருமட்டாய்டு மூட்டு வாதத்துக்கு தான் அதிகம், ஏஎஸ்க்கு அவ்ளோ இல்ல. எப்படியும் இதயத்துக்கு நல்லது, ஏஎஸ் இருக்கவங்களுக்கு இதய நோய் வாய்ப்பு கொஞ்சம் அதிகம், அதுக்காகவாவது சாப்புடலாம்.

தஞ்சாவூர்க்காரி:
மாவ சுத்தமா நிறுத்துறவங்க ஒன்னு யோசிக்கணும். ஏஎஸ்ல எலும்பு ஒரு பக்கம் தேவையில்லாத எடத்துல வளருது, உள்ளுக்குள்ள அடர்த்தி கொறஞ்சு பொடபொடன்னு ஆகுது. கால்சியம் வேணும். நம்ம சாப்பாட்டுல கேழ்வரகுல தான் 100 கிராமுக்கு 340 மில்லிகிராமுக்கு மேல கால்சியம், இந்த டயட்ல மொத வெட்டே அதுக்கு தான் விழுது. அப்ப எள்ளு, மோர், தயிர், முருங்கக்கீரைன்னு வேற வழில ஈடு கட்டணும். தயிர் சாதத்துல சாதத்த எடுத்துட்டு தயிரையும் சேத்து விட்டுட்டா எலும்புக்கு என்ன மிஞ்சும்?

அப்பறம் மலத்துல ரத்தம், அடிக்கடி பேதி, வயித்து வலி இருந்தா அத டயட்ல சரி பண்றேன்னு உக்காராதீங்க. ஏஎஸ் இருக்கவங்கள்ல கொஞ்ச பேருக்கு குடல் அழற்சி நோயும் கூடவே வரும், அதுக்கு கொலோனோஸ்கோப்பி பாக்கணும்.

பனியன்_ஊர்க்காரன்:
ரொம்ப நன்றிங்க எல்லாத்துக்கும். கொழப்பமும் கூடிருச்சு, தெளிவும் வந்துருச்சு. அப்ப நான் சோத்த விட்டுப் பாக்கலாமா வேண்டாமா, ஒரே வார்த்தைல சொல்லுங்க.

மெரினா_காத்து:
பாரு.

தஞ்சாவூர்க்காரி:
பாக்கறதுன்னா ஒழுங்கா அளந்து பாருங்க. 1994ல இங்கிலாந்துல பாத் ஊர்ல இருக்க டாக்டருங்க பாஸ்டைன்னு ஒரு கேள்வித்தாள் பண்ணாங்க, ஆறே கேள்வி. போன ஒரு வாரத்துல அசதி எவ்வளவு, கழுத்து முதுகு இடுப்பு வலி எவ்வளவு, மத்த மூட்டுல வலி வீக்கம், தொட்டா வலிக்கிற எடம், காலைல இறுக்கம் எவ்வளவு, அது எவ்வளவு நேரம் இருக்கு. ஒவ்வொன்னுக்கும் பூஜ்யத்துலேர்ந்து பத்துக்குள்ள மார்க். கடைசி ரெண்டையும் கூட்டிப் பாதியாக்கி, மத்த நாலோட கூட்டி அஞ்சால வகுங்க, நாலு இல்ல அதுக்கு மேல வந்தா நோய் சூடா இருக்குன்னு அர்த்தம். உங்க டாக்டரும் இதத்தான் கேட்டிருப்பாரு.

மொதல்ல சிகரெட்ட விட்டுட்டு, மாத்திரயும் எக்சர்சைசும் ஒழுங்கா பண்ணி ரெண்டு மாசம் வாராவாரம் இத ஒரு நோட்டுல எழுதுங்க. அது ஒரு நிலைக்கு வந்ததுக்கு அப்பறம், வேற எதையும் மாத்தாம, மாவ மட்டும் கொறைங்க, மாத்திரய தொடாதீங்க. கொறஞ்சா கொஞ்ச நாள் திரும்ப சோறு சாப்ட்டுப் பாருங்க, திரும்ப ஏறுதான்னு. ஏறுச்சுன்னா உங்க உடம்புக்கு அது ஒத்துக்கலன்னு எடுத்துக்கலாம், ஏறலன்னா அம்மா கையால நிம்மதியா சாப்புடுங்க. எல்லாத்தையும் ஒரே நாள்ல ஆரம்பிச்சா மெரினா தம்பியும் நானும் சண்ட போட்ட மாதிரி உங்களுக்குள்ளயே சண்ட வரும்.

மெரினா_காத்து:
அக்கா அத விடவே மாட்டீங்களா 😄 ஆனா நோட்டு ஐடியா சூப்பர். சிஆர்பியும் சேத்து எடுக்கச் சொல்லுங்க, டயட்டுக்கு முன்னாடி ஒன்னு பின்னாடி ஒன்னு. எனக்கு 24லேர்ந்து 9க்கு வந்துச்சு. நீச்சலா சோறான்னு கேக்காதீங்க.

பனியன்_ஊர்க்காரன்:
சரிங்க்கா, அப்படியே பண்றேன். தாத்தா, முடக்கத்தான் எங்கூர் உழவர் சந்தைலயே கெடைக்குது, அம்மாவுக்கு அதக் கேட்டதும் தான் மூஞ்சில சிரிப்பே வந்துச்சு.

இன்னொன்னு கேக்கோணும், இந்த டாபிக் இல்ல, ஆனா வேற எங்க கேக்கறதுன்னு தெரியல. வீட்ல பொண்ணு பாக்கறாங்க. இத சொல்லோணுமா? பொறக்கற கொழந்தைக்கு வருங்களா? ஜீன்ல இருக்குதுன்னு டாக்டரு சொன்னதுல இருந்து அம்மா ராத்திரில தூங்கறதில்ல.

தஞ்சாவூர்க்காரி:
சொல்லணும் தம்பி, பொண்ணுகிட்ட நேரா நீங்களே சொல்லுங்க, தரகர் வழியா வேணாம். பி27 ஜீன் கொழந்தைக்குப் போக பாதிக்குப் பாதி வாய்ப்பு. ஆனா ஜீன் போனாலே நோய் வரும்னு இல்ல, பி27 இருக்கவங்கள்ல பெரும்பாலானவங்களுக்கு வாழ்க்க பூரா ஒன்னும் வரதில்ல. எங்க வீட்ல அப்பாவுக்கும் பி27 இருக்கு, 70 வயசு, இன்னும் மாடியேறி தண்ணி டாங்க் கழுவுறாரு. கொழந்தைக்கு டெஸ்ட் எல்லாம் இப்பவே எடுக்கத் தேவையில்ல, பிற்காலத்துல காலைல முதுகு வலின்னு சொன்னா டிஸ்க்குன்னு அலையாம நேரா எங்க போகணும்னு உங்களுக்கு தெரியும், அவ்வளவு தான்.

நல்லூர்_கந்தன்_வீதி:
என்ர மனிசிக்கு கலியாணத்துக்கு முதலே சொன்னனான் தம்பி. அவ கேட்ட ஒரே கேள்வி, பின்னேரத்தில நடக்கப் போவீங்களோ, நானும் வரலாமோ எண்டு தான். பயப்பிடாதயுங்கோ.

தாமிரபரணி_தாத்தா:
பொண்ணு வீட்ல பஜ்ஜியும் கேசரியும் வப்பாங்க தம்பி. அன்னைக்கு ஒரு நாளைக்கு அந்த அயோடின் பாட்டில வீட்டுலயே வச்சுட்டுப் போங்க.